அப்பத்தா வீட்டுக் கூரைக்கு ஒன்பது மாசம்

அப்பத்தா வீட்டுக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது 2024 ஆவணியில். நல்லவேளை, அப்பத்தா அந்நேரம் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. விழுந்த துண்டைத் தூக்கிப் பார்த்தேன், ரெண்டு கிலோவுக்குக் குறையாது. மேலே கம்பியெல்லாம் துருவேறி உப்பி, தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அழகர்மலை தெரிகிற ஊர், அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. அப்பத்தாவுக்கு வயது 78, தனியாகத்தான் இருக்கிறது, வருமானம் என்றால் அப்போது மாசம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. மதுரைக்கு எங்களோடு வந்துவிடு என்றால், "உங்க மாடி வீட்ல எனக்கு மூச்சு முட்டுதுடா" என்று முடித்துவிடும்.

அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுத்தேன். ஊராட்சி கிளார்க் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் எழுதியிருந்தது கலைஞரின் கனவு இல்லத்துக்கு. அது குடிசையில் இருப்பவர்களுக்குப் புதுசாக 360 சதுர அடியில் வீடு, 3.5 லட்சம். எங்களுக்கு வேண்டியது ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டம், அதே வருஷம் அறிவித்தது: 2000-01க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டிய 2.5 லட்சம் வீடுகளைச் சரிசெய்ய 2,000 கோடி. இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் எங்கள் ஊரில் யாருமில்லை. அங்கேயே உட்கார்ந்து வேறு மனு எழுதினேன்.

அப்புறம்தான் சிக்கல். பட்டா தாத்தா பேரில், அவர் இறந்தது 2011ல். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) பார்த்து, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து, தாலுகா ஆபீஸுக்குப் போனது. அது நகர்ந்துகொண்டுதான் இருந்தது, நின்றது எங்கள் குடும்பத்தில். திருப்பூர் அத்தை ஆதார் நகல் தரவே மாட்டேன் என்றுவிட்டது. "கூர விழுந்துச்சுன்னு சொல்லி வீட்ட எழுதி வாங்கப் பாக்குறீங்களா?" கடைசியில் அப்பாவே பஸ் ஏறிப் போய், உடைந்த கூரையை போனில் காட்டி வாங்கிவந்தார்.

அடுத்தது, இது அரசாங்க வீடுதான் என்பதற்கு ஆதாரம். ஒன்றிய அலுவலகத்தில் பழைய பயனாளிப் பதிவேட்டைத் தேடினார்கள், மற்ற வருஷங்கள் இருக்கின்றன, எங்களுடையது மட்டும் இல்லை. அடுத்த வாரம் வாங்க, அடுத்த வாரம் வாங்க என்று நாலு தடவை. ஊராட்சித் தலைவரைப் பிடிக்கலாம் என்றால் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர் பதவிக்காலம் முடிந்து, அவர் இடத்துக்குத் தனி அலுவலர் என்று ஓர் அரசு அதிகாரி வந்துவிட்டார். "நான் இப்ப மாஜி தம்பி, நானே அங்க போனா உக்காரச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

வழி சொன்னது ஓவர்சியர். அந்தக் காலத்தில் வாசல் நிலைக்கு மேலே திட்டத்தின் பேரும் வருஷமும் சிமெண்டில் எழுதுவார்களாம், சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும், சுரண்டிப் பாருங்கள் என்றார். ஸ்டூல் போட்டு ஏறி, தண்ணீர் தெளித்து, கொத்தனார் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தேன். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு, முப்பது வருஷத்து அடுக்கு. வெள்ளை, நீலம், ரோஸ், நடுவில் ஏதோ ஒரு தேர்தலின் கட்சிச் சின்னத்தில் பாதி. ஒரு மணி நேரம் கழித்து முதலில் 'யிருப்பு' தெரிந்தது, அப்புறம் 'இந்திரா குடி', அதற்குக் கீழே 1991-92. போட்டோ எடுத்துக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள்.

அளந்துபோய் மதிப்பீடு வந்து, வேலை உத்தரவு கைக்கு வர மே மாசம். துருவைத் தேய்த்து, போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பூசி, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்தார்கள். 23 நாள் அப்பத்தா எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு கொத்தனாரை மேய்த்தது. பணம் வேலை நடந்த பிறகுதான் கணக்கில் ஏறும், ஆகவே சிமெண்டுக்கும் கூலிக்கும் முதலில் கைக்காசு போடவேண்டியிருந்தது, தனியாக இருக்கிற கிழவி அதற்கு எங்கே போகும் என்று யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. போதாக்குறைக்கு ஆதாரில் பேருக்குக் கடைசியில் ஒரு 'ள்' கூடுதல், பாஸ்புக்கில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்குப் பதினொரு நாள்.

பழுதுபார்க்கவே முடியாத வீடுகளுக்கு 2025-26ல் தனியாக மறுகட்டுமானத் திட்டம் வந்திருக்கிறது, 25,000 வீடுகள், வீட்டுக்கு 2.40 லட்சம். அடுத்த தெருவில் ஒருவருக்கு அதில்தான் எழுதியிருக்கிறார்கள்.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை, இல்லையென்றால் அந்தக் கூரையை நாங்கள் தொட்டிருக்கவே முடியாது. ஆனால் மதிப்பீட்டில் கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, உள்ளே இருக்கிற ஆள் இல்லை. வாசல்படி ஒன்றேகால் அடி உயரம், அப்பத்தா நிலையைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறும். அதை ரெண்டு படியாக ஆக்கித்தரக் கேட்டால், எஸ்டிமேட்டில் இல்லை. மிச்சச் சிமெண்டில் கொத்தனாரே போட்டுக் கொடுத்தார், கைப்பிடிக் குழாய் வெல்டிங் பட்டறையில் சொல்லி நான் வைத்தேன்.

ஜூலையில் வெள்ளையடித்தபோது, நிலைக்கு மேலே மட்டும் தொடக்கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டது. அடுத்து ஏதாவது மனு போட்டால் மறுபடி யார் சுரண்டுவது. கக்கூஸ் இன்னும் வீட்டுக்குப் பின்னால் இருபது எட்டுத் தள்ளி, லைட்டும் இல்லாமல்தான் இருக்கிறது. அதற்கு எந்தத் திட்டத்தில் எழுதுவதென்று கிளார்க்கிடம் கேட்டிருக்கிறேன்.