கைநீட்டிக் காட்டும் ஆட்டம்

உதைபந்தாட்டம் காலால் ஆடப்படுவது. அதை வீட்டுக்குள் உட்கார்ந்து கையில் ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டுமென்றால், கையின் எந்த அசைவு காலின் எந்த வேலைக்கு ஈடாகும் என்பதை விளையாட்டை உருவாக்குபவர்கள் முதலில் தீர்மானித்தாக வேண்டும். நின்டெண்டோ நிறுவனத்தின் வீ என்ற, டீவியோடு இணைத்து ஆடும் கன்சோல் 2006 நவம்பரில் வெளிவந்தபோது அதற்கெனச் செய்யப்பட்ட வீ ஸ்போர்ட்ஸில் இந்தச் சிக்கல் எழவேயில்லை. டென்னிஸ், பேஸ்போல், பவுலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என அதிலிருந்த ஐந்துமே கையை வீசி ஆடப்படுபவை. நாம் கையை வீசினால் திரையிலிருப்பவரும் வீசுவார், அவ்வளவுதான். உதைபந்தாட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 2008இன் தொடக்கத்தில் கொனாமி நிறுவனம் வீ கன்சோலுக்கென வெளியிட்ட புரோ எவலூஷன் சாக்கர் 2008 என்ற உதைபந்தாட்ட விளையாட்டு இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். புதிய கன்சோல்கள் எத்தனையோ வந்துவிட்ட பிறகும், இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலுள்ள எங்கள் வீட்டில் மழை பிடித்தால் முதலில் எடுக்கப்படுவது அந்தத் தட்டுதான்.

கன்சோலைக் கொண்டுவந்தவர் துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய என் தங்கையின் கணவர். அங்கே வாங்கியதால் அது ஐரோப்பிய வட்டாரத்துக்குரியதாக இருந்தது. அதன் அடாப்டர் எங்கள் 230 வோல்ட் மின்சாரத்தைத் தாங்கும். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கப்பட்டதாக இருந்தால் அடாப்டருக்கு ஒரு மாற்றி தேட வேண்டியிருந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்தாலும் ஐரோப்பியத் தட்டுகள் அதில் ஓடியிருக்காது.

வலது கையில் ரிமோட்டும், இடது கையில் அதனுடன் வயரால் இணைந்த நன்சக் என்ற துணைக் கன்ட்ரோலரும் இருக்கும். ரிமோட்டைத் திரையை நோக்கி நீட்டியதும் மைதானத்தின் மேல் ஒரு சுட்டி தோன்றுகிறது. பந்தை வைத்திருக்கும் வீரரை ஓடவைக்க, ஏ பொத்தானை அழுத்தியபடி சுட்டியை ஒரு திசையில் இழுத்தால், அவர் பந்தைத் தட்டிக்கொண்டே அந்தத் திசையில் ஓடுவார். சுட்டியைச் சக வீரர் ஒருவரிடமோ ஆளில்லாத வெற்றிடத்துக்கோ கொண்டுபோய், ரிமோட்டின் அடிப்புறத்தில் ஆட்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் பி பொத்தானை அழுத்தினால் பந்து அங்கே போய்ச் சேரும். நன்சக்கை உலுக்கினால் கோலை நோக்கி உதை விழும். இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் இதைக் கெட்டிக்காரத்தனமான ஓர் உத்தி என்று சொல்லிக் கடந்துபோயிருப்பேன். ஆனால் பந்தே இல்லாத ஒரு வீரரைச் சுட்டியால் பிடித்து, இடது ஓரத்தில் திறந்து கிடக்கும் இடத்தை நோக்கி இழுத்துவிட்டால், நாம் மறுபடியும் பந்துக்குத் திரும்பிய பின்னும் அவர் தன் ஓட்டத்தைத் தொடர்கிறார். எதிரணித் தடுப்பாளர் ஒருவர் அவரைத் துரத்திக்கொண்டு போக, நடுவில் ஒரு வழி திறக்கிறது. அந்த வழியில் மூன்றாமவர் ஒருவரை ஓடவிட்டு, பந்தை அவருக்கு முன்னால் போடுகிறோம். கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும், பந்தைத் தொடாத ஒருவரின் ஓட்டத்தால் உண்டான அந்த இடைவெளியைத் தன் கையால் உருவாக்கியவருக்குக் கிடைக்கும் நிறைவு, சாதாரண கன்ட்ரோலரால் ஆடும் விளையாட்டுகளில் எனக்குக் கிடைத்ததில்லை.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதை, எங்கள் பக்கத்தில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோர்வூட்டிலும் ஹட்டன் டன்பாரிலும் உள்ளவை போன்ற ஒழுங்கான மைதானங்கள் பெரிய போட்டிகளுக்கு உரியவை. தோட்டத்துப் பிள்ளைகள் அன்றாடம் ஆடுவது லயத்து வரிசை வீடுகளுக்கும் தேயிலைக்கும் நடுவே கிடைக்கும் துண்டு நிலத்தில்தான். அதில் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். சரிவுப் பக்கம் போன பந்து தண்ணீர் ஓடும் கானைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு அடுத்த மலை வரைக்கும் போய்விடும் என்பதால், அந்த ஓரத்தில் ஒரு சின்னப் பையனைப் பந்து பிடிப்பதற்கென்றே நிறுத்திவைப்போம். மற்ற அத்தனை பேரும் பந்து இருக்கும் இடத்தில்தான் இருப்பார்கள். விலகி நின்று வெற்றிடம் தேடுகிறவனுக்குப் பந்து வராது. வந்தாலும் நிலத்தின் சரிவு அதை வேறு பக்கம் கொண்டுபோய்விடும். ஆகவே பந்தில்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்ற கேள்வி எங்களில் யாருக்கும் எழுந்ததில்லை. கால் திறமைக்குக் குறைவில்லை. குண்டும் குழியுமான தரையில் பந்தை அடக்கிப் பழகிய கால்களுக்கு நல்ல மைதானத்தில் வேலை சுலபம். இடத்தைப் பார்க்கும் கண்தான் பழக்கமில்லாமல் போனது.

என் மருமகன் முதல் வாரங்களில் இந்த விளையாட்டையும் அப்படியே ஆடினான். பந்து வைத்திருக்கும் வீரரைவிட்டுச் சுட்டி அகலவே அகலாது. மூன்று பேர் சுற்றி வளைத்து பந்தைப் பறிக்கும் வரை இழுத்துக்கொண்டே போவான். நான் ஆடும்போது அவனுக்குப் பொறுக்காது.

“மாமா, பந்து அங்க இருக்கு. நீங்க எங்க காட்டிக்கிட்டு இருக்கீங்க?”

“அந்தப் பையன் எங்க ஓடணும்னு காட்டுறேன்டா.”

“அவன்கிட்டதான் பந்தே இல்லையே!”

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு உதைபந்தாட்ட விதிகள் எதுவும் தெரியாது. ஆனால் ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தவர். “கங்காணி மேல நின்னு ஆளாளுக்கு நெர காட்டுற மாதிரில்ல இருக்கு” என்றார். அதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது. கங்காணி கொழுந்து பறிப்பதில்லை. யார் எந்த நிரையில் போக வேண்டும், எந்தப் பக்கம் ஆள் குறைவாக இருக்கிறது என்பதைப் பார்த்துக் கை நீட்டுகிறார். (ஆட்டத்தில் தோற்ற நாட்களில் அம்மா இந்த ஒப்பீட்டை இன்னும் கொஞ்சம் நீட்டி, கங்காணிகளைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.)

சுட்டி வேலை செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும். அதைப் புரிந்துகொள்ள வைத்தது எங்கள் வீட்டுச் சாமி விளக்கு. டீவிக்கு மேலே வைக்கும் சிறிய கறுப்புப் பட்டை ரிமோட்டைக் கண்காணிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பட்டை எதையும் பார்ப்பதில்லை. அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறு விளக்குகள் மட்டுமே உள்ளன. பார்க்கும் வேலை ரிமோட்டின் முன்முனையில் பொருத்தப்பட்ட கேமராவுடையது. இரண்டு ஒளிப்புள்ளிகளும் தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதைக் கொண்டு ரிமோட் எங்கே சுட்டுகிறது என்பதும், அவற்றுக்கு இடையில் தெரியும் தூரத்தைக் கொண்டு நாம் எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதும் கணக்கிடப்படுகின்றன. ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை நன்றாக வேலை செய்யும் என்பதால் பத்தடி அறையான எங்கள் காம்பராவுக்கு இது அளவெடுத்துச் செய்ததாகவே அமைந்துவிட்டது.

பகலெல்லாம் ஒழுங்காக இருந்த சுட்டி, மாலை ஆறு மணி வாக்கில் திடீரென்று வலப்பக்கம் தாவித் துடிக்கத் தொடங்கும். சாமித் தட்டு டீவிக்கு வலப்பக்கம், ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தது. தீச்சுடர் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பை ஏராளமாக வீசும். கேமராவுக்கு அது மூன்றாவது புள்ளியாகத் தெரிந்து, எந்த இரண்டு சரியானவை என்ற குழப்பம் வந்துவிடுகிறது. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டதற்கு, “சாமிய நகத்தச் சொல்றியா? ஒன் பொட்டிய நகத்து” என்று பதில் வந்தது. நகர்ந்தது டீவிதான்.

பின்னொரு மழைக்காலத்தில் எலி அந்தப் பட்டையின் வயரைக் கடித்துத் துண்டித்தபோது, விளக்குப் பாடம் கைகொடுத்தது. பட்டை இருந்த இடத்தில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியில் ஏற்றிவைத்தோம், சுட்டி உயிர்பெற்றுவிட்டது. தகரக் கூரையின் இடுக்கில் காற்று வீசிச் சுடர் அசையும்போதெல்லாம் சுட்டியும் நடுங்கியது. தடுப்பாளரை நோக்கிக் கொடுத்த பாஸ் எதிரணி முன்கள வீரரின் காலில் போய் விழுந்தது. ஆனாலும் ஆட முடிந்தது. டீவிக்கு மேல் தீயை வைத்து விளையாடுவது வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது மட்டும் செய்யக்கூடியது. அதுவும் நீண்ட காலத்துக்கு அல்ல. பட்டைக்குள் தகவல் எதுவும் ஓடுவதில்லை, விளக்குகளுக்கான மின்சாரம் மட்டுமே போகிறது என்பதால், ஹட்டனில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் வயரை ஒட்டவைத்துக் கொடுத்ததோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மற்ற அசைவு விளையாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கொனாமியின் துணிச்சல் தெரியும். இஏ நிறுவனம் 2007இல் வீக்கு வெளியிட்ட ஃபீபா 08, பழக்கமான பொத்தான் முறையை வைத்துக்கொண்டு அதன் மேல் கையசைவைச் சேர்த்தது. மேசை உதைபந்து போன்ற குட்டி விளையாட்டுகள் அதில் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 2010இல் மைக்ரோசொஃப்டின் கினெக்ட் கேமராவோடு வந்த கினெக்ட் ஸ்போர்ட்ஸில் உண்மையிலேயே காலை வீசி உதைக்கலாம். ஆனால் அந்தக் கேமராவுக்கு முன்னால் ஆறேழு அடி வெற்றுத்தரை வேண்டும். கட்டிலும் அலுமாரியும் போக எங்கள் காம்பராவில் அவ்வளவு தரை மிஞ்சாது. 2022இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸில் கன்ட்ரோலரைத் தொடையில் பட்டியால் கட்டிக்கொண்டு உதைக்கிறார்கள். தொடக்கத்தில் கோலடிக்கும் போட்டிக்கு மட்டும் பயன்பட்ட அந்தப் பட்டி பிறகு முழு ஆட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. இவையெல்லாம் உதையைப் பின்பற்ற முயல்பவை. உதைபந்தாட்டத்தில் உதை ஒரு கணம். மீதி நேரமெல்லாம் யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் ஆட்டம். கொனாமி அந்த மீதி நேரத்தைக் கையில் எடுத்துக்கொடுத்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. பந்தை அடக்கித் திரும்பும் நுணுக்கமான கால்வேலைக்கு இந்த முறை ஒத்துவராது; தன் காலை நம்பி நாலு பேரைக் கடந்துபோக விரும்புகிறவர்கள் எரிச்சலடைவார்கள். கோலை நோக்கி அடிப்பதற்கு நன்சக்கை உலுக்குவது, இவ்வளவு யோசித்து அமைத்த ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் ஒட்டவைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு ஆட்டங்களுக்கு மேல் தொடர்ந்து ஆடினால் நீட்டிய கை கடுக்கும். அட்டைப் படத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ இருந்தும், உரிமம் இல்லாததால் அவர் அப்போது ஆடிய மான்செஸ்டர் யுனைட்டெட் தன் சொந்தப் பெயரில் உள்ளே கிடையாது. அவருடைய அணியைத் தேடி என் மருமகன் பட்டியலை மேலும் கீழும் உருட்டியது நினைவிருக்கிறது. இணையவழிப் போட்டிகளும் இல்லாமல் போயின. நின்டெண்டோ அந்தச் சேவையை 2014 மே மாதத்தில் நிறுத்திவிட்டது.

மருமகன் இப்போது பாடசாலை அணியில் ஆடுகிறான். வீட்டில் என்னோடு ஆடும்போது சுட்டியைப் பந்தில் வைப்பதேயில்லை. ஓரத்தில் இரண்டு பேரை ஒரே சமயத்தில் ஓடவிட்டு என் தடுப்பாளர்களைப் பிரித்துவிடுகிறான். அவனை வெல்ல எனக்கு இப்போது ஒரே வழி, மாலை விளக்கேற்றும் நேரத்துக்குப் போட்டியை இழுத்தடித்து, டீவியைப் பழைய இடத்தில் வைப்பதுதான். இந்த வரிசையில் வீக்கு 2013 பதிப்பு வரை வந்திருக்கின்றன. எங்களிடம் இருப்பது முதலாவது மட்டும், அதிலும் கீறல் விழுந்துவிட்டது. பின்னைய பதிப்புகளில் ஏதேனும் ஒன்றின் ஐரோப்பியத் தட்டு யாரிடமாவது சும்மா கிடந்தால், நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன். ஹட்டன் வரைக்கும் வந்து எடுத்துக்கொள்வேன்.