வரைந்த பிள்ளைகள்: ஆகஸ்ட் மாத நாட்குறிப்பு

ஆகஸ்ட் 2, 2025, சனிக்கிழமை. வியாசர்பாடி

அலமாரியின் அடித்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பர்மா பஜாரில் வாங்கிய ‘மின்மினிகளின் கல்லறை’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் டிவிடி அகப்பட்டது. வாங்கிய அன்று ஒரே ஒரு முறை பார்த்தேன்; பிறகு கண்ணில் படாத இடமாகத் தேடி நானேதான் அதைச் செருகி வைத்தேன். இரண்டு நாள் என்னுடன் தங்க வந்திருந்த அக்கா மகள் உறையின் மேலிருந்த சிறுமியைப் பார்த்துவிட்டு, “கார்ட்டூனா சித்தி? போடுங்களேன்” என்றாள். அவளுக்குப் பதினான்கு வயது. படத்தில் வரும் அண்ணன் செய்தாவுக்கும் அதே வயதுதான் என்பது அப்போது நினைவுக்கு வந்திருந்தால், ஏதாவது சாக்குச் சொல்லி மறுத்திருப்பேன்.

இசாவோ தகஹாதா இயக்கி 1988 ஏப்ரலில் வெளிவந்த இந்தப் படம் எதையும் ஒளித்துவைப்பதில்லை. 1945 செப்டம்பர் 21 இரவு தான் இறந்துபோனதாகச் செய்தாவே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறான். கோபே நகரத்தின் சன்னோமியா ரயில் நிலையத்தில், தூணில் சாய்ந்தபடி, கடந்துபோகிறவர்கள் முகம் சுளித்து விலக, அவன் சாகிறான். அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவை ஊழியர் ஒருவர் வெளியே புல்லில் வீசுகிறார். மூடி திறந்து, தங்கையின் எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. இருவருமே பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. அப்படியிருந்தும் ஒன்றரை மணி நேரமும், இந்தப் பெண் பிழைத்துவிட மாட்டாளா என்று மனம் அடித்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்கள், செத்தவர் கடைசியாக எதை ஆசையாகக் கேட்டார், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எதைச் சொல்லிச் சிரித்தார் என்றெல்லாம்தான் அடுக்குவார்கள். தகஹாதா செய்ததும் அதுவே. சாவை முன்னால் கிடத்திவிட்டு, வாழ்ந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்.

படம் முடிந்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைத்துப் படுத்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை

காலையில் எழுந்தவள் கோபமாக எழுந்தாள். “அந்த அண்ணன் ஏன் சித்தி அத்தை வீட்டை விட்டுக் கிளம்பினான்? நாலு வார்த்தை திட்டினா வாங்கிக்கிட்டு அங்கேயே இருந்திருக்கலாம் இல்ல? பாப்பா பொழைச்சிருக்கும்.” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தாய் குண்டுவீச்சில் கருகிச் செத்த பிறகு, பிள்ளைகள் அடைக்கலம் புகுந்த உறவுக்காரி அவர்களுக்குச் சோறு போடாமல் இல்லை, சொல்லிக்காட்டிப் போடுகிறாள். தாயின் கிமோனோவை விற்று வந்த அரிசியிலேயே, தன் வீட்டாருக்குக் கெட்டியாகவும் இவர்களுக்குத் தண்ணீராகவும் அகப்பை போடுகிறாள். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று சொல்வதைத் தகஹாதா ஏற்கவில்லை. ஊரோடும் உறவோடும் ஒட்டாமல் தனியே வாழ்ந்துவிடலாம் என்று கிளம்பிய இரண்டு பிள்ளைகளின் தோல்வி என்றே பார்த்தார். அந்த வகையில் அக்கா மகளின் கோபம் இயக்குநரின் கோபத்துக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் என்னால் செய்தாவின் மேல் குற்றம் சுமத்த முடியவில்லை. பதினான்கு வயதில் மானத்தைப் பெரிதாக நினைப்பது தவறென்று, ‘திரும்பிப் போ’ என்கிற விவசாயி ஒருவரைத் தவிர, அவனுக்கு எடுத்துச் சொல்ல வேறு பெரியவர் யாரும் அங்கே இல்லை.

அவளைத் தண்டையார்பேட்டைக்குப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து, மிட்டாய் டப்பா வரும் இடங்களை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மிட்டாய் தீர்ந்துபோகிறது. அண்ணன் டப்பாவுக்குள் தண்ணீரை ஊற்றிக் குலுக்கித் தருகிறான். நான்கு வயது செட்சுகோ அதைக் குடித்துவிட்டு, எல்லாப் பழங்களின் ருசியும் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பிற்பாடு, பசி முற்றிய நாட்களில், விளையாடுகிற கண்ணாடிக் கோலியை மிட்டாய் என்று வாயில் அடக்கிக்கொள்கிறாள்; மண்ணைப் பிடித்து வைத்து, சோற்றுருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிறாள்.

நடிக்கிற குழந்தை ஒன்று திரையில் அழும்போது, படப்பிடிப்பு முடிந்து அது தன் தாயோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கும் என்று மனத்தின் ஒரு மூலை தன்னைத் தேற்றிக்கொள்ளும். வரைந்த செட்சுகோவுக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை. அந்தப் படத்துக்குள்தான் அவளுடைய நாட்கள் அத்தனையும் இருக்கின்றன. அங்கே அவள் செத்தால் செத்ததுதான். அவளுக்குக் குரல் கொடுத்தது ஓர் உண்மையான சிறுமி. அவள் பேசியதை முதலில் பதிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்றபடி பிறகு வாயசைவை வரைந்திருக்கிறார்கள். வழக்கமான கறுப்புக் கோட்டை விட்டுவிட்டு, உருவங்களின் விளிம்பைப் பழுப்பு நிறத்தில் இழுத்திருக்கிறார்கள். குழந்தை சட்டையைத் தூக்கிச் சொறிவதையும், டப்பாவின் வாயை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்ப்பதையும் ஒருவர் தாள் தாளாக வரைந்திருக்கிறார் என்றால், ஒரு குழந்தையை அவ்வளவு நேரம் பொறுமையாக யாரோ பார்த்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? படத்துக்குள் யாருமே அவளை அப்படிப் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்கிழமை

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இன்றோடு எண்பது ஆண்டுகள். 1983இல் வந்த ‘வெறுங்கால் கென்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை இரவு பார்த்தேன். கெய்ஜி நகசவா 1973 முதல் வரைந்த சித்திரக்கதைதான் அதற்கு மூலம். குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிச் சுவர் ஒன்று மறைத்ததால் உயிர் பிழைத்தார். தந்தையையும் அக்காவையும் தம்பியையும் வீட்டு இடிபாட்டோடு தீ கொண்டுபோனது. தாய் அன்றைக்கே ஒரு பெண்குழந்தையைப் பெற்றார். அதுவும் சில மாதங்களில் இறந்துவிட்டது.

தகஹாதாவின் அமைதி இதில் கிடையாது. பிள்ளைகள் கத்துகிறார்கள், குட்டிக்கரணம் போடுகிறார்கள், பிறகு காலை 8.15க்குக் குண்டு வெடித்ததும் மனிதர்களின் கண்கள் உருகி வழிகின்றன. இந்த அளவுக்குக் காட்டத்தான் வேண்டுமா என்று முன்பு நினைத்ததுண்டு, இன்று நினைக்கவில்லை. அந்த நொடியில் அந்தத் தெருவில் நின்றிருந்த சிறுவன் கண்டதை அவனுடைய கைதான் வரைய முடியும். மிதிக்க மிதிக்க நிமிர்கிற கோதுமைப் பயிரைப் போல இரு என்று அப்பா சொன்னதைக் கென் கடைசிவரை பிடித்துக்கொள்கிறான். அந்த ஒரு பிடிமானம் இல்லாவிட்டால் படத்தை முழுதாகப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ‘மின்மினிகளின் கல்லறை’யைப் போடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். சின்னவர்களுக்கு இது ஆகாது. ஜப்பானிலேயே இதை வெளியிட்டபோது, காட்டுப் பூதம் டொட்டோரோ வரும் குழந்தைகள் படத்தோடு சேர்த்து ஒரே சீட்டில் காட்டியிருக்கிறார்கள். அன்று அந்த அரங்குகளுக்குப் போன குழந்தைகளை நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன்.

‘மின்மினிகளின் கல்லறை’க்கு மூலமான கதையை அகியுகி நோசாகா 1967இல் எழுதினார். 1945இல் அவருடைய குட்டித் தங்கை பட்டினியில் இறந்தாள். செய்தாவைப் போல அன்பான அண்ணனாகத் தான் இருக்கவில்லை என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார்: தங்கைக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைப்பாராம், உணவு கைக்கு வந்ததும் தானே தின்றுவிடுவாராம். அதனால்தான் கதையில் அண்ணனும் சாகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. தகஹாதாவும் ஒன்பது வயதில், 1945 ஜூன் 29 அதிகாலை இருட்டில் ஒகயாமாவில் குண்டு விழுந்தபோது, இரவு உடையில் வெறுங்காலோடு ஓர் அக்காவைப் பிடித்துக்கொண்டு ஓடியவர். அந்தக் கதையை அவர் கையில் எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது.

எங்கள் ஆயா ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது அவருக்கு ஒன்பது வயது. அடுத்த சில மாதங்களில் இந்தியாவை நோக்கி நடந்த லட்சக்கணக்கானவர்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. போர் முடிந்து திரும்பிப் போய், 1964இல் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்து, இந்த வியாசர்பாடியில் குடியேறினார்கள். கப்பல் கதையை ஆயா நூறு முறை சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நடந்தே வந்த கதையைச் சொன்னதே இல்லை.

ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். தட்டில் சோறு விழுந்ததும், குழம்பு ஊற்றுவதற்கு முன், ஒரு பிடியை அள்ளித் தட்டின் விளிம்பில் ஒதுக்கிவைப்பார். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கி வந்தாலும் நான்கு இழை ஒதுக்குவார். காக்கைக்கு வைப்பதுபோல வெளியே கொண்டுபோக மாட்டார். சாப்பிட்டு முடித்து, சற்று நேரம் அதைப் பார்த்தபடி இருந்துவிட்டு, அதையும் தானே தின்றுவிடுவார். ஏழெட்டு வயதில் நான் ஒரு முறை கேட்டேன். “அது தம்பிக்கு” என்றார். ஆயாவுக்குத் தம்பி இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

நோசாகா தங்கையைப் பற்றிச் சொன்னதைப் படித்ததிலிருந்து, அந்த ஒரு பிடிச் சோறு என் கண்ணைவிட்டு அகலவில்லை. இன்று மதியம் அம்மாவிடம் போய், ஆயாவின் தம்பிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அம்மா வெகுநேரம் யோசித்தார். பிறகு பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். பெரியம்மாவுக்கும் தெரியவில்லை.

“தம்பின்னுதான் சொல்லும்” என்றார்கள் இருவரும்.