பழைய டொயோட்டா எல்.என்.106 ஹைலக்ஸ்: முன் அச்சு வரைக்கும் பார்த்தாயிற்று

கடைசியில் ஒரு நல்ல டபுள் கெப் கண்ணில் பட்டது. கிளிநொச்சிப் பக்கம், எல்.என்.106, 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின், முன்னுக்கும் லீஃப் ஸ்பிரிங். இன்னும் காசு கொடுக்கவில்லை. ஆனால் இதுவரை பார்த்தவற்றில் சேஸ் அழுகாத முதல் வண்டி இதுதான். பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்துக்கு மேலே சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது. கரையோரத்தில் மீன் ஏற்றி ஓடிய வண்டிகளில் அதே இடத்தில் "டப்" என்றுதான் கேட்கும், மேலே புதுக் கறுப்புப் பெயின்ற் வேறு பளபளக்கும்.

ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. 1 லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது; மீற்றரை நம்ப நான் தயாரில்லை. எடுத்த அன்றே மாற்றுவது என்று கணக்கில் போட்டுக்கொண்டேன்.

சரி, முன் அச்சுக்கு வருவோம். புரோக்கர் அண்ணை லீவரைப் போட்டு டாஷில் பச்சை லைற்றைக் காட்டி, "பார் தம்பி, நாலு வீலும் இழுக்கும்" என்றார். அந்த லைற் சொல்வதெல்லாம் முன் அச்சுக்கும் சக்தி அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கியர் விழுந்துவிட்டது என்பதை மட்டும்தான். முன் வீலை அச்சு ஷாஃப்ற்றோடு இணைக்கும் ஹப் பூட்டியதா என்று அதற்கு எப்படித் தெரியும்? முன்பக்கம் இரண்டையும் ஜக்கில் தூக்கி, லீவரை 2எச்-இல் (பின் இரண்டு வீல் மட்டும்) விட்டு, ஹப் இரண்டையும் லொக்கில் திருப்பி, ஒரு ரயரைக் கையால் சுற்றினேன். மற்ற ரயரோ முன் ஷாஃப்ற்றோ (ட்ரான்ஸ்ஃபரில் இருந்து முன் அச்சுக்குப் போகும் தண்டு) கூடவே அசையவேண்டும். அசையவில்லை. இடப்பக்க ஹப் டயல் திரும்புகிறது, உள்ளே பூட்டுவதில்லை. முன் டிஃப் (இரண்டு பக்க வீலுக்கும் சக்தியைப் பிரிக்கும் பல்லுப்பெட்டி) பூட்டில்லாத ஓப்பன் வகை என்பதால் ஒரு ஹப் பூட்டாவிட்டால் அந்தப் பக்க ஷாஃப்ற் சும்மா சுற்றும், மற்றப் பக்கமும் இழுக்காது. ஆக இவ்வளவு நாளும் இது இரண்டு வீல் வண்டிதான்! அண்ணையின் முகம் கொஞ்சம் மாறியது, விலையும் கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் நக்கிள், அதாவது அச்சின் முனையில் முன் வீல் திரும்பும் மூட்டு. இதில்தான் மத்தியானம் முழுக்கப் போனது. ரயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் வலப்பக்கம் ஆட்டம் இருந்தது. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். ஆட்டம் நின்றிருந்தால் வீல் பெயரிங், இறுக்கினால் முடிந்தது. நிற்கவில்லை. அப்படியென்றால் நக்கிளின் மேல் கீழ் பெயரிங்தான். நக்கிளின் உருண்டையைத் துணியால் துடைத்துப் பார்த்தேன்: கிரீஸ் கெட்டியாக இல்லை, டிஃப் ஒயில் கலந்து நீர்த்த குழம்பு மாதிரி வழிந்தது. உள் சீல் போய்விட்டது. டிஃப் நிரப்பும் நட்டைக் கழற்றி விரல் விட்டால் ஒயில் எட்டவில்லை. எல்லாம் ஒத்துப்போகிறது.

மணலில் 4எச் (நாலு வீல்) போட்டு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஓட்டியபோது, தேய்ந்த ஜொயின்ர் போடும் டக் டக் இல்லை. ஆனால் இடப்பக்க ஹப் பூட்டாமல் இரண்டு பக்கமும் இழுக்காது, ஆகவே ஹப்பைச் சரிசெய்த பிறகுதான் ஜொயின்ரைப் பற்றிச் சொல்லலாம். தார் ரோட்டில் இதைச் செய்யாதீர்கள், அச்சு முறுகும்.

சீல், பெயரிங் இரண்டும் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எடுக்கலாம். சீல் என்றால் ஜப்பான் கம்பனி என்.ஓ.கே. கேட்டு வாங்குங்கள், பெயர் தெரியாத மலிவுச் சீல் மாட்டி ஒரு போகத்துக்குள் மறுபடி கழற்றிய ஆட்களை எனக்குத் தெரியும். நக்கிளைக் கழற்றும்போது மேல் சிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) எது, கீழ் சிம் எது என்று தனித்தனியாகக் கட்டி வைக்காத மெக்கானிக் பாஸிடம் இந்த வேலையைக் கொடுக்கவே மாட்டேன்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதோடு பழைய வண்டிகளின் விலை ஏறியது. 30 வருடத்து வண்டிக்கு இப்போதும் அவர்கள் கேட்கிற காசு அநியாயம். ஆனாலும் மனம் ஏற்கனவே பின்பெட்டிக்கு நெல் மூட்டை கட்டும் வளையம் அடிக்கப் போய்விட்டது. வெல்டிங் செய்பவரிடம் அளவு கூடக் கேட்டாயிற்று.

இன்னும் பார்க்க நிறைய மிச்சம். லோ கியரில் இறக்கத்தில் அக்சிலேற்றரை விட்டால் லீவர் வெளியே பாய்கிறதா, புகை எப்படி, சேஸ் நம்பர் வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா. புத்தகம் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறதாம். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் இல்லை என்று அண்ணையிடம் சொல்லிவிட்டேன்.