ஈரான் எப்போது சார்க்கில் சேர்ந்தது?

டாக்டோரல் கமிட்டியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். சார்க் என்பது எட்டுத் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு. அதில் ஈரான் சேரவில்லை, வெறும் பார்வையாளர் நாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் திரையில் ஓடிய என் அட்டவணையில் தெற்காசியாவுக்கு ஒன்பது நாடுகள்! "திருத்திக்கொண்டு வாங்கம்மா" என்று கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பஸ்ஸில் போய் ராத்திரி பஸ்ஸில் திரும்பியதுதான் மிச்சம்.

என் ஆய்வு, சார்க்கையும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் சேர்ந்த சாடெக்கையும் ஒப்பிடுவது. முன்னது 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சிமாநாடே நடத்தவில்லை. பின்னது ஜிம்பாப்வே நில வழக்கில் அந்த அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த தன் சொந்தத் தீர்ப்பாயத்தையே 2010-இல் முடக்கியது.

சோம்பலில் ஐ.நா. புள்ளியியல் பட்டியலின் 'தெற்காசியா' பத்தியை அப்படியே எடுத்ததுதான் வினை. அதில் ஈரான் உண்டு. உலக வங்கிப் பட்டியலுக்கு மாறலாமென்றால், அவர்கள் 2025 ஜூலையில் பாகிஸ்தானையும் ஆப்கானிஸ்தானையும் மத்திய கிழக்கோடு சேர்த்துவிட்டார்கள். பாகிஸ்தான் இல்லாத சார்க்கை வைத்து என்ன எழுதுவது?

அப்புறம்தான் பெரிய அதிர்ச்சி. சாடெக்கில் 15 நாடுகள் என்று நிம்மதியாக இருந்தேன், பழைய கட்டுரைகளிலும் அதே எண்தான். விரல் விட்டு எண்ணினால், பின்னால் சேர்ந்த கொமரோஸும் என் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் பதினாறு வரவேண்டுமே, யார் இல்லை? நமீபியா! அந்த நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு என்.ஏ. (NA). நான் புள்ளியியல் கணக்குக்குப் பயன்படுத்தும் ஆர் (R) மென்பொருள் அதை 'தரவு இல்லை' என்று படித்துவிட்டது. 'உலகம்', 'அரபு நாடுகள்' போன்ற, பல நாடுகளைக் கூட்டிச் சொல்லும் வரிசைகளைக் களைய, குறியீடு இல்லாதவற்றை நானே நீக்கியிருந்தேன். சாடெக் ஒப்பந்தம் 1992-இல் கையெழுத்தானதும், அந்தத் தீர்ப்பாயம் இருந்ததும் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில்! கமிட்டியில் யாரும் கவனிக்கவில்லை, பிழைத்தேன்.

இதே வேலையில் இருப்பவர்கள் நாட்டுப் பட்டியலை அமைப்பின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக் கையால் அடியுங்கள். மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்து இணையுங்கள். கோப்பைத் திறக்கும் வரியிலேயே, வெற்றுக் கட்டம் மட்டும்தான் விடுபட்டது என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் வரிசைகளை எண்ணுங்கள்.

இரண்டாம் முறை எட்டு, பதினாறு என்று போட்டுக் காட்டினேன். முதல் கேள்வி கேட்ட அதே சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பதினைந்துதானே?" என்றார்.

"2017 உச்சிமாநாட்டில் கொமரோஸை ஏற்றுக்கொண்டார்கள் சார்" என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.