"உங்க மேலயும் தப்பு இருக்கே" என்று சொன்னதும் விட்டுக்கொடுக்காதீர்கள்

விபத்தில் அடிபட்டவர்களிடம் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் ஆட்கள் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டதும் பலர், சரி, நமக்கு இனி எதுவும் கிடைக்காது என்று முடிவுசெய்து, நீட்டியதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை.

ஒரு காலத்தில் சொன்னது, உண்மைதான். 1809-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு: வீட்டு வேலைக்காக ஒருவர் தெருவில் கம்பம் போட்டு வைத்திருந்தார், குதிரையில் வேகமாக வந்தவர் அதில் மோதி விழுந்தார், நிதானமாக வந்திருந்தால் கம்பம் கண்ணில் பட்டிருக்குமே என்று சொல்லி அவருக்கு நஷ்ட ஈடே கிடையாது என்றது நீதிமன்றம். அந்த விதி அங்கே 1945-ல்தான் தனிச் சட்டம் வந்து மாறியது. இப்போது தப்பில் உங்கள் பங்கைக் கழித்துவிட்டு மீதியைத் தர வேண்டும். மொத்த இழப்பு 10 லட்சம், உங்கள் பங்கு 30 சதவீதம் என்றால் 7 லட்சம் உங்களுக்குச் சேர வேண்டிய பணம், யாரும் போடும் பிச்சை இல்லை.

ஆனால் இடத்துக்கு இடம் கணக்கு மாறும். அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள், கலிபோர்னியாவில் 90 சதவீதம் உங்கள் தப்பாக இருந்தாலும் மீதி 10-க்குக் கேட்கலாம், டெக்சாஸில் உங்கள் பங்கு 50-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை, அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியாவில் பழைய விதியே பெருமளவு நீடிக்கிறது. அதனால் உங்கள் இடத்துச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

அப்புறம், எல்லாரும் குழப்பிக்கொள்வது இதைத்தான்: நீங்கள் ஒரு விதியை மீறினீர்கள் என்பது வேறு, அந்த மீறலால்தான் அடிபட்டது என்பது வேறு. சீட் பெல்ட் போடாதவர் விஷயத்தில் இங்கிலாந்து நீதிமன்றம் 1975-ல் இதை அழகாகப் பிரித்தது. பெல்ட் போட்டிருந்தால் காயமே பட்டிருக்காது என்றால் 25 சதவீதம் கழிவு, காயம் குறைந்திருக்கும் என்றால் 15, போட்டிருந்தாலும் இதே காயம்தான் என்றால் கழிவே இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2020-ல், ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் உயர் நீதிமன்றம் கழித்த 10 சதவீதத்தை ரத்து செய்தது. மூன்று பேர் போனது விபத்துக்கோ காயத்துக்கோ எப்படிக் காரணமானது என்று காட்ட வேண்டும், காட்டவில்லை என்றால் கழிக்க முடியாது. அதைக் காட்டும் பொறுப்பும் பொதுவாக எதிர்த்தரப்புடையதுதான். ஆகவே யாராவது "உங்க பங்கு 40 சதவீதம்" என்றால், எந்த ஆதாரத்தை வைத்து என்று தைரியமாகக் கேளுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

நடந்த இடத்திலேயே பதறிப்போய் "என் தப்புதான்" என்று சொல்லிவிடாதீர்கள், யார் மேல் எவ்வளவு தப்பு என்பது அந்த நிமிடத்தில் யாருக்கும் தெரியாது. போட்டோ எடுங்கள், பார்த்தவர்களின் நம்பரை வாங்குங்கள், பக்கத்தில் கேமரா இருந்தால் பதிவை உடனே கேளுங்கள், சில நாளில் அது அழிந்துவிடும். வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, அதைத் தவறவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கிளெய்ம் நிற்பது கஷ்டம். சிகிச்சை முடியாமல் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோர மாட்டேன்" என்ற தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.