விளக்கு வளையத்துக்கு ஒரு போர்டு

ஜூன் 3

எல்இடி பட்டையை வைத்து வளையம் செய்யும் யோசனையை இன்று கைவிட்டேன். பட்டை மேலும் கீழுமாகத்தான் மடியும். தரையில் படுத்தபடி வட்டமாகத் திரும்பாது. ஒவ்வொரு விளக்காக வெட்டி ஒயர் போட்டால், 24 விளக்குகளுக்கு 138 சால்டர் புள்ளிகள். அவ்வளவு வேலைக்குப் பிறகும் ஒயர்கள் கோணல் மாணலாகத்தான் நிற்கும். சொந்தமாக ஒரு பிசிபி, அதாவது செம்புக் கோடுகளே ஒயராக இருக்கும் மின்சுற்றுப் பலகை, வரைந்துவிடுவது என்று முடிவு. எனக்கு இதுதான் முதல் போர்டு.

மையத்திலிருந்து 40 மி.மீ. தூரத்தில் 24 விளக்குகள். ஒன்றிலிருந்து அடுத்ததன் மையத்துக்கு ஏறத்தாழ 10.5 மி.மீ. வருகிறது. விளக்கு 5 மி.மீ. சதுரம், ஆக இடம் தாராளம்.

உள்ளேயே கட்டுப்பாட்டுச் சிப் கொண்ட டபிள்யூஎஸ்2812பி ரக எல்இடி எடுத்துக்கொள்கிறேன். ஒரே டேட்டா ஒயர் போதும். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி, ஒரு விளக்குக்கு 24 பிட், அதாவது 30 மைக்ரோ விநாடி. வளையம் முழுவதற்கும் 720. புதிய ரகங்கள் கேட்கும் 280 மைக்ரோ விநாடி ரீசெட் இடைவெளியையும் (ஒரு படம் முடிந்தது என்று காட்டும் அமைதி) சேர்த்தால் சரியாக ஒரு மில்லி விநாடி. விநாடிக்கு ஆயிரம் முறை படம் மாற்றலாம், எனக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஏபிஏ102 என்ற இன்னொரு ரகத்தில் கிளாக், அதாவது பிட்டுகளுக்கு நேரம் காட்டும் சிக்னல், தனியாக வரும், வேகமும் அதிகம். விளக்கைச் சுழற்றி அந்தரத்தில் எழுத்துக் காட்டுகிறவர்களுக்கு அது அவசியம். இங்கே தேவையில்லை.

ஜூன் 5

பிசிபி வரையும் மென்பொருளான கீகேட் நிறுவியாயிற்று. 1992-இல் ஜான்-பியர் ஷராஸ் தொடங்கியது. இன்றைக்கும் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. இப்படி ஒன்று இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் பிசிபி பக்கமே வந்திருக்க மாட்டோம்.

வரைபடத்துக்கு முன்னால் மின்னோட்டக் கணக்கு. ஒரு விளக்கில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுதாக எரிந்தால் 60 மில்லிஆம்ப் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 24 விளக்குக்கு 1.44 ஆம்ப். இந்த எண்ணைத் தாளில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். விளக்கு எங்கே உட்கார வேண்டும் என்பதை வட்டம் சொல்லிவிடும். செம்பு எங்கே, எவ்வளவு அகலத்தில் ஓட வேண்டும் என்பதை இந்த எண்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 8

இன்று முழுக்க டேட்டா கோட்டோடு. விளக்குக்கு 5 வோல்ட் கொடுத்தால், 'ஒன்று' என்று ஏற்க அதன் டேட்டா காலில் (இணைப்பு முனையில்) 5-இல் 0.7 மடங்காவது, அதாவது 3.5 வோல்ட் வேண்டும் என்கிறது டேட்டா ஷீட். விளக்குகளை இயக்க என்னிடம் இருப்பது ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர். அதிலிருந்து வெளிவருவதே 3.3 வோல்ட்தான். பல பேர் நேராகக் கொடுத்து ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் மேஜையில் ஓடுவது வேறு, சூடு ஏறி வோல்டேஜ் கொஞ்சம் ஆடும்போதும் ஓடுவது வேறு. போர்டாக அச்சடிக்கப் போகிற ஒன்றில் அதிர்ஷ்டத்தை நம்ப எனக்கு மனமில்லை.

நடுவில் 74ஏஹெச்சிடி1ஜி125 போடுகிறேன். ஐந்து கால், ஒரே ஒரு பஃபர், அதாவது வாங்கிய சிக்னலை வலுப்படுத்தித் தருவது. பெயரில் உள்ள 'டி' முக்கியம். 'டி' இல்லாத ஹெச்சி வகைக்கும் 5 வோல்ட்டில் 3.5 வரம்புதான், அதைப் போட்டுப் பயனில்லை. 'டி' இருந்தால் 2 வோல்ட்டுக்கே 'ஒன்று' என்று ஏற்று, வெளியே முழு 5 வோல்ட் தரும். அதை இயங்க வைக்கும் எனேபிள் கால் கிரவுண்டுக்கு. வெளியீட்டில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சிக்னலின் விளிம்பில் வரும் துள்ளலை அடக்க. ரெசிஸ்டர் பஃபர் பக்கமா விளக்குப் பக்கமா என்ற பழைய வாதம் இங்கே எழவே இல்லை. பஃபரையே முதல் விளக்கின் அருகில் வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு விளக்குக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. மின்சாரம் நுழையும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் ஒன்று.

ஜூன் 12

ஃபுட்பிரின்ட், அதாவது விளக்கின் கால்கள் உட்காரும் செம்புத் தடங்களின் வடிவம், சரிபார்ப்பு. போர்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிட்டு, நிஜ விளக்கை இடுக்கியால் எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பூதக் கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது: வெள்ளைச் சட்டத்தின் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது, உள்ளே கறுப்பாக ஒரு சிப், அதிலிருந்து தலைமுடியை விட மெல்லிய தங்க நிறக் கம்பிகள். அந்த வெட்டு மூலை கிரவுண்ட் காலைக் காட்டுகிறது. முதல் காலை அல்ல! டபிள்யூஎஸ்2812பி-யில் கிரவுண்ட் மூன்றாவது கால். சாதாரண சிப்களில் மூலைக் குறி என்றாலே ஒன்றாம் கால் என்று கை பழகியிருக்கும், அதனால் இதில் கவனம் வேண்டும். சில்க்கில், அதாவது போர்டின் மேல் மையால் அச்சாகும் குறிகளில், வெட்டு மூலையைப் பெரிதாகவே வரைந்துவிட்டேன்.

ஜூன் 15

லேஅவுட், அதாவது பாகங்களையும் கோடுகளையும் போர்டில் அமைப்பது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

விளக்குகளைப் பதினைந்து பதினைந்து டிகிரியாகத் திருப்பி வைக்கக் கீகேட்டின் பைத்தான் கன்சோலில் நாலு வரி போதும்: சைன், கோசைன், திருப்பும் கோணம். அப்புறம்தான் சுவாரசியம். இந்தச் சிப்பில் 5 வோல்ட் காலும் டேட்டா நுழையும் 'டேட்டா இன்' காலும் ஒரே விளிம்புப் பக்கம், டேட்டா வெளியேறும் 'டேட்டா அவுட்' காலும் கிரவுண்டும் எதிர்ப் பக்கம். 5 வோல்ட் கால்களை வெளியே பார்க்க வைத்தால் டேட்டா கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடும். உள்ளே பார்க்க வைத்தால் கடிகாரத் திசையில். நிரலில் எண்ணை மாற்றிச் சமாளிக்கலாம் என்றாலும், எனக்கு 0, 1, 2 என்று கடிகாரம் போலவே போக வேண்டும். ஆகவே 5 வோல்ட் உள்ளே. ஒவ்வொரு டேட்டா டிரேஸும் (செம்புக் கோடும்) வெளிப்பக்கம் புறப்பட்டு, இரண்டு விளக்குக்கு நடுவே சாய்வாக இறங்கி, அடுத்ததன் உள்பக்கம் நுழைகிறது. திரையில் பின்னல் போலத் தெரிகிறது. அழகுக்காக எதுவும் செய்யவில்லை, கால்கள் இருக்கும் இடமே அப்படி வரையவைத்தது.

5 வோல்ட் வளையம் 35 மி.மீ. ஆரத்தில், சுற்றளவு சுமார் 220 மி.மீ. சாதாரணச் செம்புப் படலத்தின் தடிப்பு 35 மைக்ரான். அதில் ஒரு சதுரத்துக்கு, பெரியதோ சிறியதோ, ஏறத்தாழ அரை மில்லிஓம் தடை. நீளத்தை அகலத்தால் வகுத்தால் சதுரங்களின் எண்ணிக்கை. 0.25 மி.மீ. டிரேஸில் ஒரு முனையிலிருந்து மட்டும் ஊட்டினால் கடைசி விளக்கை எட்டுவதற்குள் 0.32 வோல்ட் இழப்பாகிவிடும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான்: முழு வெள்ளை எரிந்தால் கடைசி விளக்குகள் மங்கிச் செம்மை தட்டும். அதே டிரேஸை வளையமாக மூடிவிட்டால் மின்னோட்டம் இரண்டு பக்கமும் பிரிகிறது. பாதி மின்னோட்டம், பாதி தூரம், ஆக இழப்பு நாலில் ஒன்று, 0.08. அகலத்தை 2.5 மி.மீ. ஆக்கினால் 0.008. செம்பு ஏற்கெனவே போர்டு முழுக்க ஒட்டித்தான் வருகிறது, வேண்டாததைத்தான் கரைக்கிறார்கள். அகலமாக வைப்பதற்குக் கூடுதல் செலவே கிடையாது.

ஜூன் 16

பின் பக்கம் முழுவதும் கிரவுண்ட். போகிற மின்னோட்டம் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும், வேகமான சிக்னல் என்றால் தன் டிரேஸுக்கு நேர் கீழேயே திரும்ப விரும்பும். அதனால் அந்தப் பக்கத்தைக் கீறாமல் விட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ஒரே இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது: மையத்திலிருந்து வரும் டேட்டா 5 வோல்ட் வளையத்தைத் தாண்டியாக வேண்டும். அங்கே இரண்டு வயா (இரு பக்கச் செம்பையும் இணைக்கும் துளை), பின்பக்கத்தில் 4 மி.மீ. நீளம். அவ்வளவுதான்.

ஒவ்வொரு கிரவுண்ட் காலுக்கும் பக்கத்திலேயே இரண்டு வயா போட்டேன்.

ஜூன் 19

டிஆர்சி, அதாவது கீகேட்டின் வடிவமைப்பு விதிச் சோதனை, சுத்தம். போர்டு தயாரிப்பவர்களுக்கான கெர்பர் கோப்புகளைத் தனி வியூவரில் திறந்து லேயர் லேயராகப் பார்த்துவிட்டு அனுப்பினேன். வட்டப் போர்டு, விட்டம் 96 மி.மீ., தடிப்பு 1.6. செம்பை மூடும் பூச்சான மாஸ்க் வெள்ளை, பக்கவாட்டில் சிதறும் ஒளியையும் திருப்பி அனுப்பும்.

ஜூன் 27

போர்டு வரும்வரை நிரல். இந்த விளக்கு பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் பிட்டுகளைக் கேட்கும். அப்புறம் காமா, அதாவது வெளிச்ச எண்ணைக் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றும் கணக்கு. 255-இல் பாதி 128 கொடுத்தால் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியாது, பிரகாசமாகவே தெரியும். 2.2 காமா போட்டால் 128 என்பது 56 ஆகிறது, அப்போதுதான் ஏற்ற இறக்கம் இயல்பாக இருக்கிறது.

ஜூலை 4

போர்டு வந்துவிட்டது! விளக்கு வைக்கும் முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தேன். பீப் சத்தம் இல்லை. நல்லது.

விளக்குகளைச் சூட்டுத் தட்டில் வைத்து ஒட்டப் போவதில்லை. உறை பிரித்த விளக்குகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சட்டென்று சூடேற்றினால் அந்த ஈரம் நீராவியாகி உள்ளே உள்ள மெல்லிய கம்பிகளை அறுத்துவிடும். முதலில் மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். உலர்த்திவிட்டு, சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு காலாகத்தான்.

ஜூலை 5

முதலில் மின்சாரப் பகுதியும் பஃபரும். பிறகு ஒரு விளக்கு, சோதனை, அடுத்தது, சோதனை. பதினேழாவது எரியவில்லை. சங்கிலியில் இருண்டது பதினேழு என்றால் சந்தேகம் இரண்டு பேர் மேல்: பதினேழின் டேட்டா இன், அல்லது பதினாறின் டேட்டா அவுட். ஒவ்வொரு சிப்பும் சிக்னலைப் புதிதாக வடித்து அடுத்ததற்குத் தருகிறது, அதனால் அதற்கு முந்தையவற்றைத் தேட வேண்டியதில்லை. பூதக் கண்ணாடியில் பார்த்தால், பதினேழின் காலில் ஈயம் உருண்டையாக நிற்கிறது, பேடில், அதாவது அடியிலுள்ள செம்புத் தடத்தில், பரவவில்லை. கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி அயர்னால் தொட்டதும் பளிச்சென்று படர்ந்தது. விளக்கும் எரிந்தது. மற்றவை எல்லாம் வரிசையாக.

ஜூலை 7

இன்று அளவுகள். முழு வெள்ளையில் 0.9 ஆம்ப்தான் இழுக்கிறது. இந்த ரகம் ஒரு நிறத்துக்கு 20 மில்லிஆம்ப் எடுப்பதில்லை போலும்; 60 என்ற கணக்கு மேல்வரம்பு என்பதால் செம்பு இன்னும் நிம்மதியாக இருக்கிறது. நுழைவாயிலில் 4.98 வோல்ட், நேர் எதிரே உள்ள விளக்கில் 4.97. இருபத்துநான்கும் ஒரே வெள்ளை.

அடுத்த பதிப்பில் கடைசி விளக்கின் டேட்டா அவுட்டை ஒரு பேடுக்குக் கொண்டுவருகிறேன், வெளியே இன்னொரு வளையம் சேர்க்க. 60 மி.மீ. ஆரத்தில் 36 விளக்கு வைத்தால் இடைவெளி இப்போது உள்ளதேதான் வருகிறது. அந்த 36-க்கு மேல்வரம்பு 2.16 ஆம்ப். அதை இந்த உள்வளையம் வழியாக அனுப்ப மாட்டேன். அதற்குத் தனி 5 வோல்ட் ஊட்டு, கிரவுண்ட் இரண்டுக்கும் பொது, டேட்டா மட்டும் இங்கிருந்து அங்கே.