உப்பியின் இடது காது: மெழுகு வார்ப்பில் ஒரு மடிப்பு

என் நாய் உப்பியின் இடது காது இந்த முறை வார்ப்பில் முழுமையாக வந்துவிட்டது. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்த இடத்தில் உலோகம் ஊற்றும் வேலை இது. மண் அச்சை உடைத்தபோது, நுனி மடிந்தபடி, மடிப்புக்குள் நகம் நுழையும் அளவு இடைவெளியோடு பித்தளையில் அது நின்றது. வால் இன்னும் ராவப்படவில்லை; உலோகம் இறங்கிய தண்டுகள் பாதங்களில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் இந்தக் காதைப் பற்றி எழுதிவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுப்பது என்று இருக்கிறேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, நிவாரணப் பொருள்களோடு வேதாரண்யம் பக்கம் சென்றிருந்தபோது, சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவில் கிடைத்த குட்டி அவள். மட்டை அழுத்திய காது அதற்குப் பின் நிமிரவே இல்லை. கடந்த மாசியில் சிறுநீரகம் பழுதாகி இறந்துபோனாள். படங்களுக்குக் குறைவில்லை; ஆனால் எனக்குத் தடவிப் பார்க்கக்கூடிய ஓர் உப்பி வேண்டியிருந்தது.

சுவாமிமலைச் சிற்பிகள் தெய்வத் திருமேனிகளுக்குத் தென்னை ஓலை நறுக்கை மடித்து, முக நீளத்தை அலகாகக் கொண்ட தாலக் கணக்கில் அளவெடுப்பார்கள். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்கு அப்படியொரு கணக்கு கிடையாது என்பதால், படங்களிலிருந்தும் அவளுடைய பழைய கழுத்துப்பட்டையிலிருந்தும் நானே அளவுகளைத் தேற்றினேன். எனக்காக உலோகம் ஊற்றித் தரும் பட்டறையின் பெரியவர் மெழுகு உருவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “காதை நிமித்திடுங்க தம்பி, லட்சணமா இருக்கும்” என்றார். நிமிர்ந்த காது வார்ப்பதற்கும் எளிது என்பதால் அவர் சொன்னது தொழில் நியாயம்தான், நான் கேட்கவில்லை.

சிக்கல் முழுவதும் முதல் மண்பூச்சில் இருந்தது. வண்டல் மண்ணை அரித்து, உமிக்கரி சேர்த்து, ஆப்ப மாவுப் பதத்தில் கரைத்துப் பூசும்போது மெழுகின் வெளிப்பரப்பில் அது நன்றாகவே பிடிக்கிறது. மடிப்பின் உட்புறத்தில் மட்டும் காற்றுக்குமிழ் தங்கிவிடுகிறது, அல்லது உள்ளே புகுந்த மண் காய்ந்ததும் பிளந்துவிடுகிறது. இரண்டில் எது நடந்தாலும் அந்த இடத்தில் உலோகம் புகுந்து, காது ஒரே கட்டியாகிவிடும். முந்தைய வார்ப்புகளில் ஒன்றில் அப்படித்தான் ஆயிற்று. இன்னொன்றில் நேர்மாறாக, காதின் விளிம்பை எட்டுவதற்குள் பித்தளை உறைந்து, நுனியே வரவில்லை.

இம்முறை மடிப்புக்குள் அணில் முடித் தூரிகையால் மிக மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் உலர்த்தி, அடுத்த பூச்சைப் போடுவது என்று பொறுமையாகச் சென்றேன். இடையில் மெல்லிய இரும்புக் கம்பித் துண்டு ஒன்றை மடிப்பு மண்ணோடு சேர்த்து, அதன் மறுமுனையை வெளிப்பூச்சில் பதித்ததால், மெழுகு உருகி வெளியேறிய பின்னும் அந்தச் சிறு மண் நாக்கு இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்ததாக உருவத்தைத் தலைகீழாக வைத்து, பாதங்களின் வழியே உலோகம் இறங்கும்படியும், காது நுனியிலிருந்து ஒரு மெழுகுக் குச்சி அச்சின் மேல்மட்டம் வரை சென்று காற்றுக்கு வழிவிடும்படியும் அமைத்தேன். சூடு குறையாத உலோகம் முதலில் காதுக்குப் போய்ச் சேர்கிறது, மேலே நிரம்பும் பித்தளையின் எடை அதை விளிம்பு வரை தள்ளுகிறது. வறட்டித் தீயில் மெழுகை வடித்தவுடன், அச்சு ஆறுவதற்குள் ஊற்றிவிட வேண்டும் என்பதில் பெரியவரும் நானும் ஒரே கட்சி.

மெழுகைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியவில்லை. தேன்மெழுகு என்று கடையில் கொடுப்பதில் பாதிக்கு மேல் பாரஃபின். விரல் சூட்டிலேயே அது உதிர்கிறது. மெழுகை இறுக்கச் சேர்க்கும் குங்கிலியப் பிசினை மட்டும் கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையில் நம்பி வாங்கலாம். சித்திரை வெயிலில் அதைக் கொஞ்சம் கூட்டிச் சேர்க்காவிட்டால் மெழுகுக் கால்கள் மாலைக்குள் வளைந்துவிடும். உலோகத்துக்குப் பழைய பாத்திரக் கடையில் உடைந்த பித்தளைக் குடம் வாங்கினேன்; மெழுகின் எடையைப்போல் ஒன்பது மடங்கு, அதற்கு மேல் தண்டுகளுக்கும் சேதாரத்துக்கும் கொஞ்சம் என்று கணக்கிட்டால் குறைவுபடாது. நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறையில் மணல் அச்சில் வார்த்தால் செலவு குறையுமே என்று ஒரு நண்பர் கேட்டார். குத்துவிளக்கைப் பகுதி பகுதியாக வார்த்துக் கடைசலில் தேய்க்க அது அருமையான முறை. உள்மடிப்புள்ள காது மணல் அச்சிலிருந்து முழுசாகக் கழன்று வராது.

காதின் மேல் அரம் படாது. உட்புறத்தை உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்தால் போதும். வாலை ராவி முடிப்பதற்கு முன்பே, வாசற்படியில் சுருண்டு படுத்திருக்கும் உப்பி ஒன்றுக்கு மெழுகு பிடிக்கத் தொடங்கிவிட்டேன். அந்தக் கிடையில் மூக்கு வாலுக்கு அடியில் போய்விடுவதால் மண்பூச்சுக்கு இன்னும் குறுகலான சந்து கிடைக்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் அரசலாற்றில் இறங்கி வண்டல் எடுக்க முடியாது என்பதால், அதற்குள் இரண்டு சாக்கு மண்ணை அரித்து வைத்துவிட வேண்டும்.